புது முகவரி அவருக்குத் தெரியக் கூடாது: எங்கெல்லாம் கசிகிறது, எப்படி அடைப்பது?

கரிசல்_நிலா (இழையைத் தொடங்கியவர்)

கலிபோர்னியாவில் 'சேஃப் அட் ஹோம்' என்று ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. கொடுமையிலிருந்து தப்பியவருக்கு அரசே ஒரு மாற்று முகவரி கொடுக்கும்; எங்கே எழுதச் சொன்னாலும் அதை எழுதிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இதுபோல ஏதாவது உண்டா? இல்லையென்றால், அடிக்கிற கணவனை விட்டுக் குழந்தையோடு வேறு மாவட்டத்துக்குப் போகும் பெண்ணின் முகவரியை எப்படிக் காப்பது? பிரிவு எண், படிவம், எங்கே சொதப்பும் என்று சொல்லுங்கள். "தைரியமா இருங்க" வேண்டாம்.

முத்திரைத்தாள்

இல்லை. மாற்று முகவரி தரும் சட்டம் இந்தியாவில் எந்த மாநிலத்திலும் கிடையாது. கையில் இருப்பவை மூன்று துண்டுகள்.

ஒன்று, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அதன் 2006 விதிகளில் 16(3) என்று ஒரு சின்ன விதி இருக்கிறது: பெண் விரும்பினால், அவர் அங்கே தங்கியிருப்பதைக் காப்பகம் வெளியே சொல்லக் கூடாது, எதிர்மனுதாரருக்கும், அதாவது புகாருக்கு உள்ளான கணவருக்கும், தெரிவிக்கக் கூடாது. "விரும்பினால்" என்றுதான் இருக்கிறது. அதனால் காப்பகத்தில் சேரும் அன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போய்விடும். அதே விதியில் இன்னொன்று: குடும்ப நிகழ்வு அறிக்கை, அதாவது டிஐஆர், பதிவாகவில்லை என்று சொல்லிக் காப்பகம் இடம் மறுக்கக் கூடாது.

இரண்டு, சட்டத்தின் 16ஆம் பிரிவு. விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கேட்கலாம்.

மூன்று, சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018. மகேந்தர் சாவ்லா வழக்கில் 5-12-2018 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இடம் மாற்றுவது, அடையாளத்தை மறைப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஏழாண்டும் அதற்கு மேலும் சிறை கிடைக்கக்கூடிய குற்றங்களுக்கும், பின்தொடர்தல் போன்ற சில பாலியல் தொல்லைப் பிரிவுகளுக்கும்தான் அந்தத் திட்டம் பொருந்தும். கணவன் கொடுமைக்கான பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 498ஏ, இப்போதைய பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 85, மூன்றாண்டுப் பிரிவு. அது மட்டும் எஃப்ஐஆரில் இருந்தால் விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடும். வெளியேறிய பிறகும் பின்தொடர்ந்திருந்தால் பிஎன்எஸ் 78, கொலை முயற்சி என்றால் 109. நடந்தது எதுவோ அந்தப் பிரிவு விடுபடாமல் எஃப்ஐஆரில் ஏறியதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்குப் போகும். அச்சுறுத்தல் ஆய்வறிக்கையைப் போலீஸ் ஐந்து வேலை நாளில் தர வேண்டும்.

இந்த மூன்றும் சேர்ந்தாலும் சேஃப் அட் ஹோமில் பாதிகூட வராது. ஆகவே இங்கே உள்ள ஒரே வழி, புது முகவரியை எந்தத் தாளிலும் எழுதாமலிருப்பது. எழுதியே ஆக வேண்டிய தாள்கள் எவை என்பதுதான் நிஜமான கேள்வி.

வளைகுடா_விரிகுடா

கலிபோர்னியாத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. 1999இல் தொடங்கியது, மாநிலச் செயலர் அலுவலகம் நடத்துகிறது. முன்னோடி வாஷிங்டன் மாநிலம், 1991. பதிவு நான்கு ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். சாக்ரமெண்டோவில் ஒரு தபால்பெட்டி முகவரி கொடுப்பார்கள். மாநில, கவுண்டி, நகர அலுவலகங்கள் அதை ஏற்றே ஆக வேண்டும். சாதாரணக் கடிதங்களை உண்மை முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள், பத்திரிகைகள் வராது. நீதிமன்ற நோட்டீசைப் பெண்ணின் சார்பில் அவர்களே வாங்குவார்கள். வாக்காளர் பதிவையும் ரகசியமாக்கலாம்.

அங்கேயும் ஓட்டை உண்டு. சேருவதற்கு முன் பதிவான முகவரியைத் திட்டம் அழிக்காது. புது வீட்டுக்கு மின் இணைப்பும் வங்கிக் கடிதமும் உண்மை முகவரியில் எடுத்துவிட்டு அப்புறம் போய்ச் சேர்ந்தால் பயன் பாதிதான். வீடு மாறுவதற்குக் கொஞ்சம் முன்போ, மாறிய கையோடோ சேர வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது படித்தால்: பே ஏரியாவில் மைத்ரி, நாரிகா; நியூ ஜெர்சியில் மானவி; நியூ யார்க்கில் சகி; ஹூஸ்டனில் தயா. தெற்காசியப் பெண்களுக்கான அமைப்புகள் இவை. தேசிய உதவி எண் 1-800-799-7233. விசா கணவர் பெயரில் இருக்கிறதே என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று: வாவா மனு (கொடுமை செய்யும் கணவரைச் சாராமல் பெண் தானே போடும் குடியேற்ற மனு), யு விசா (குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கானது) போன்றவற்றுக்கு விண்ணப்பித்தவரின் தகவலைக் குடியேற்றத் துறை கணவரிடம் சொல்லக் கூடாது என்று கூட்டரசுச் சட்டமே இருக்கிறது. அந்தப் படிவங்களில் 'பாதுகாப்பான தபால் முகவரி' என்று தனிக் கட்டமும் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள்.

கவுண்டர்4

இ-சேவைப் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலான கசிவு ஆதாரிலிருந்துதான் தொடங்கும். அதுவும் முகவரியால் இல்லை, மொபைல் எண்ணால்.

பல குடும்பங்களில் மனைவியின் ஆதாருக்குக் கணவர் எண்தான் இணைந்திருக்கும். ஆதார் எண்ணும் அந்த ஓடிபியும் போதும், இ-ஆதாரை இறக்கிவிடலாம். புது முகவரி அதில் அச்சாகி இருக்கும். எனவே வரிசை இது. முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றுங்கள். கைரேகை போதும், ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். பிறகு டிஜிலாக்கர் பின் எண்ணை மாற்றுங்கள். பிறகு கைரேகையைப் பூட்டுங்கள். முகவரி மாற்றுவதைக் கடைசியில் யோசிக்கலாம். உண்மையில் மாற்றவே வேண்டாம். இடம் மாறியதும் ஆதாரில் முகவரி மாற்றியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ரேஷன் கார்டு: புது அட்டைக்குப் பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கியாக வேண்டும். நீக்கியது அங்கே தெரிந்துவிடும். மகளிர் உரிமைத் தொகையும் குடும்ப அட்டையைப் பிடித்துத்தான் வருகிறது. அதனால் முதல் சில மாதம் அட்டையைத் தொடாமலிருப்பது நல்லது. அரிசி போனால் போகட்டும்.

வாக்காளர் பட்டியல்: படிவம் 8 கொடுத்துப் புது ஊருக்கு மாற்றினால், பெயர், கணவர் பெயர், வீட்டு எண்ணோடு பட்டியலில் அச்சாகும். அது பொதுவில் இருக்கும் பட்டியல். பழைய வாக்காளர் அட்டை எண் அவருக்குத் தெரியும் என்பதை மறக்காதீர்கள். கலிபோர்னியா மாதிரி ரகசியப் பதிவு இங்கே கிடையாது. ஒரு தேர்தலை விட்டுக்கொடுப்பதா, தெருப் பெயரைக் கொடுப்பதா என்றால் பதில் தெரிந்ததுதான்.

வேலைக்குப் போகிறவர்கள் பிஎஃப் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாஸ்புக்கில் புது நிறுவனத்தின் பெயர் வரும். இதை யாரும் யோசிப்பதில்லை.

பச்சைவிளக்கு

கவுண்டர்4 சொன்ன வரிசையில் எனக்கு ஒரு திருத்தம். வீட்டுக்குள் இருக்கும்போதே எண் மாற்றம், கடவுச்சொல் மாற்றம் எல்லாம் செய்தால் அவருக்குச் சந்தேகம் வரும். அடி விழுவது அப்போதுதான். கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது சேகரிப்பது மட்டும்: பிறப்புச் சான்று, கல்விச் சான்று, பாஸ்புக், மருத்துவச் சீட்டு. எடுத்துப் போனால் தெரிந்துவிடும் என்றால் படம் எடுத்து, அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சலுக்கு வேறொருவரின் போனிலிருந்து அனுப்புங்கள். மாற்றங்கள் எல்லாம் வெளியே வந்த பிறகு.

வெளியே வந்த முதல் நாளில்:

பழைய சிம்மைக் கழற்றுங்கள். சிம் அவர் பெயரில் இருந்தால் டூப்ளிகேட் எடுத்து உங்கள் ஓடிபிகளை அவரே வாங்குவார். புது சிம் உங்கள் பெயரில், முடிந்தால் வேறு போனில். பழைய போனையே வைத்தாக வேண்டும் என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆனால் பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றாதீர்கள். ஏற்றினால் பழைய கணக்கு, பகிர்ந்த லொகேஷன் எல்லாம் கூடவே வந்துவிடும். கூகுள் கணக்கும் புதிது.

பழைய போனில் மிரட்டல் செய்திகள் இருந்தால் ரீசெட் செய்யும் முன் படமெடுத்து, வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கில் அதுதான் சாட்சியம்.

மறந்துபோகும் சாதனம் குழந்தையுடைய டேப். ஃபேமிலி லிங்க்கில் அப்பாதான் பெற்றோர் என்று பதிவாகியிருந்தால் அது வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். ஜிபிஎஸ் வாட்ச்சும் அப்படித்தான். ஸ்கூட்டரில் காப்பீட்டுக்காகவோ திருட்டுக்காகவோ மாட்டிய டிராக்கர் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் சீட்டுக்கு அடியில், பேட்டரி ஒயர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

உணவு, பொருள் வாங்கும் செயலிகளில் பழைய கணக்கைத் தொடராதீர்கள். ஒரு பிரியாணி ஆர்டர் போதும், டெலிவரி முகவரி இருவர் போனிலும் தெரியும்.

இத்தனையும் செய்துவிட்டுப் புது எண்ணை அம்மாவுக்குக் கொடுத்தால்? அம்மா போனில் பெயரோடு சேமிப்பார், குடும்பக் குழுவில் யாரோ சேர்ப்பார்கள், முடிந்தது. நடைமுறையில் தொழில்நுட்பத்தைவிடச் சித்தப்பாக்கள்தான் அதிகம் கசிவார்கள். அம்மாவுக்கு ஒரு எண், வேலைக்கும் வங்கிக்கும் ஒரு எண் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கரிசல்_நிலா

நன்றி. பெண் வெளியேறியதும் கணவர் 'மனைவி காணவில்லை' என்று புகார் கொடுப்பாரே? போலீஸே தேடிக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால்?

ரோந்துப்புத்தகம்

வழக்கமாக நடப்பது அதுதான். பெண் காணவில்லை என்று எஃப்ஐஆர் ஆனால் போன் டவரை வைத்துத் தேடுவார்கள். தேடும் காவலருக்குப் பின்னணி தெரியாது. கண்டுபிடித்ததும் கணவருக்குப் போன் போட்டு "வந்து கூட்டிட்டுப் போங்க" என்பார்.

தடுக்க ஒரே வழி, முந்திக்கொள்வது. வெளியேறிய அன்றோ மறுநாளோ, "சொந்த விருப்பத்தில் வன்முறை காரணமாக வெளியேறினேன், 18 வயது நிறைந்தவள், பாதுகாப்பாக இருக்கிறேன், என் இருப்பிடத்தை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்" என்று எழுதிப் பழைய ஊர்க் காவல் நிலையத்துக்கும் மாவட்ட எஸ்.பி.க்கும் அனுப்ப வேண்டும். கையெழுத்திட்ட கடிதம், அடையாள அட்டை நகல், தேதி தெரியும் புகைப்படம். மின்னஞ்சல் நல்லது. ஸ்பீட் போஸ்ட் என்றால் பதிவு செய்த அஞ்சலகத்தின் பெயர் டிராக்கிங்கில் வரும். புது ஊர் அஞ்சலகத்தில் போடாதீர்கள், வழக்கறிஞர் ஊரிலிருந்து போடச் சொல்லுங்கள்.

அதையும் மீறிப் போலீஸ் அழைத்தால், அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) வாங்குங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் இன்னும் நல்லது. வயது வந்தவர் தன் விருப்பப்படி போகலாம் என்று பதிவாகிவிட்டால் அந்த எஃப்ஐஆர் முடிந்தது. ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: முடிப்பு அறிக்கையில் கதவு எண் எழுதாமல் "பாதுகாப்பான இடத்தில் உள்ளார்" என்று எழுதச் சொல்லுங்கள். புகார்தாரர் என்ற முறையில் அந்த அறிக்கை கணவர் கைக்குப் போகும்.

பெண் புகார் கொடுக்கும் எஃப்ஐஆரிலும் அதே கவனம் வேண்டும். புகார்தாரர் முகவரி என்ற கட்டம் உண்டு, நகல் எதிரிக்குப் போகும். பல எஃப்ஐஆர்கள் இணையத்திலும் ஏறும். குற்றப்பத்திரிகையில் சாட்சிப் பட்டியலும் முகவரியோடுதான் அச்சாகும். பழைய முகவரியையோ வழக்கறிஞர் வழி முகவரியையோ கொடுத்து, அழைக்க ஒரு எண் மட்டும் தனித்தாளில் கொடுங்கள்.

முத்திரைத்தாள்

நீதிமன்றத் தாள்களுக்கு வருகிறேன். கசிவில் மிக மோசமானது இது. ஏனென்றால் நாமே டைப் செய்து, நாமே நகல் எடுத்து, நாமே அவருக்குச் சார்வு செய்கிறோம், அதாவது முறைப்படி அவர் கையில் சேர்க்கிறோம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் நிவாரணம் கேட்கும் மனு, கூடவே பிரமாணப் பத்திரம், வக்காலத்து. மூன்றிலும் "…என்ற முகவரியில் வசிக்கும்" என்று ஜூனியர் பழக்கத்தில் அடித்துவிடுவார். "மேற்பார்வை: வழக்கறிஞர் அலுவலகம்" என்று கொடுத்தால் போதும், நோட்டீஸ் அங்கே வரும். பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்தவர்) தயாரிக்கும் டிஐஆர் நகல் மாஜிஸ்திரேட்டுக்கு மட்டுமல்ல, காவல் நிலையத்துக்கும் போகும். அதிலும் சமூகநல அலுவலக முகவரியையோ சேவை மைய முகவரியையோ போடச் சொல்லுங்கள்.

அடுத்தது ஜீவனாம்சம். 2020 நவம்பர் 4இல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கணவன் ஒளித்து வைத்த வருமானத்தை வெளியே இழுக்க அருமையான ஆயுதம். ஆனால் அதே படிவத்தை மனைவியும் நிரப்ப வேண்டும். வேலை செய்யும் இடம், வங்கிக் கணக்கு, வாடகை. கூடவே சான்றாக இணைக்கும் வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது. பள்ளி ரசீதில் பள்ளியின் பெயர், வகுப்பு, பிரிவு வரை இருக்கும். வங்கிப் பட்டியலில் எந்த ஏடிஎம், எந்த மளிகைக் கடை என்று தினப்படி நடமாட்டமே தெரியும்.

செய்ய வேண்டியது: டைப்டு செட்டில் (மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) அந்த வரிகளைக் கறுப்படித்து இணையுங்கள். மூலத்தை முத்திரையிட்ட உறையில் நீதிபதியின் பார்வைக்கு மட்டும் கொடுக்க அனுமதி கேட்டு, 16ஆம் பிரிவைச் சொல்லித் தனி மனு போடுங்கள். மனு இல்லாமல் கறுப்படித்தால் "ஆவணத்தை மறைக்கிறார்" என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். கறுப்படிப்பது என்றால் மார்க்கரால் கிறுக்குவது அல்ல. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். கறுப்படித்த தாளை மறுபடி நகலெடுத்து அந்த நகலை இணையுங்கள். பிடிஎஃப் என்றால் கறுப்புக் கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். படமாக மாற்றிய பிறகே அனுப்புங்கள்.

பாதுகாப்பு உத்தரவு கேட்கும்போது 18ஆம் பிரிவில் பணியிடத்துக்கும் பள்ளிக்கும் வரக்கூடாது என்று கேட்கலாம். "மனுதாரர் பணிபுரியும் எந்த இடத்துக்கும், குழந்தை படிக்கும் எந்தப் பள்ளிக்கும்" என்றே வரைவு இருக்கட்டும். பெயர் போட்டால் உத்தரவின் இலவச நகல் அவருக்கு வழிகாட்டிப் பலகையாகிவிடும். மீறினால் 31ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஊர்க்காவல்_தோழி

ஆலோசகராக எனக்கு ஒரு மறுப்பு. வழக்கை எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை. 27ஆம் பிரிவுப்படி பெண் தற்காலிகமாகத் தங்கும் இடத்திலும் போடலாம் என்று சொல்லி, வழக்கறிஞர்கள் உடனே புது ஊரில் போட்டுவிடுகிறார்கள். நீதிமன்றத்தின் பெயரே ஊரைச் சொல்லிவிடுகிறதே!

முத்திரைத்தாள்

உண்மைதான். ஆனால் பழைய ஊரில் போட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வீட்டுப் பக்கமே போக வேண்டும். திரும்பும் பஸ்ஸில் யாராவது பின்னால் ஏறினால்? ஊரின் அளவைப் பார்த்து முடிவெடுங்கள். சென்னை, கோவை என்றால் ஊர் தெரிந்தாலும் ஆளைத் தேட முடியாது, அங்கேயே போடலாம். சிறிய தாலுகா நீதிமன்றம் என்றால் பஸ் ஸ்டாண்டில் நின்றாலே பார்த்துவிடலாம், அங்கே போடாதீர்கள். சம்பவம் நடந்த இடம் என்ற அடிப்படையும் 27இல் உண்டு. எங்கே போட்டாலும் முதல் தேதிக்குப் பிறகு காணொளி வழி ஆஜராக அனுமதி கேளுங்கள். நேரில் வரும் நாளில், பெண் கிளம்பி அரைமணி ஆகும்வரை எதிர்மனுதாரரை மன்றத்திலேயே இருக்கச் சொல்லும்படி நீதிபதியிடம் வாய்மொழியாகவே கேட்கலாம்.

நடுநிலைவாசி

எல்லாம் சரி. அப்பாவுக்குக் குழந்தையைப் பார்க்கும் உரிமை இல்லையா? முகவரியே தெரியாமல் எப்படி?

ஊர்க்காவல்_தோழி

பார்ப்பதற்கு முகவரி தேவையில்லை அண்ணா. 21ஆம் பிரிவில் நீதிமன்றம் சந்திப்புக்கு ஏற்பாடு செய்யலாம். குழந்தைக்குத் தீங்கு வரும் என்று கருதினால் மறுக்கவும் செய்யலாம். நீதிமன்ற வளாகத்திலேயே, நேரம் குறித்து நடத்தச் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சந்திப்பே ஒரு கசிவு. குழந்தையைப் பள்ளிச் சீருடையில் கூட்டிப் போகாதீர்கள். பையில் பள்ளியின் பெயர், தண்ணீர் பாட்டிலில் பெயர்ச் சீட்டு, கழுத்தில் ஐடி கார்டு எதுவும் வேண்டாம். திரும்பியதும் அப்பா கொடுத்த பொம்மை, ஷூ, பென்சில் பாக்ஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகே வீட்டுக்குள் எடுங்கள். காசு அளவில் டிராக்கர் கிடைக்கிறது. குழந்தையிடம் "பொய் சொல்லு" என்று பழக்காதீர்கள்; பாரம் தாங்காது. "அதை அம்மாகிட்ட கேளுங்க" என்ற ஒரு வாக்கியம் போதும்.

பள்ளி மாற்றம்: எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) பழையதே தொடரும். பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்த பிறகே புதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். அதனால் பழைய தலைமை ஆசிரியரை ஒதுக்கிவிட்டு எதுவும் நடக்காது. அவரிடம் நேரில் போய், எழுத்தில் காரணம் கொடுங்கள். டிசி தாமதம் என்று சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு. புதுப் பள்ளியில் குழந்தையை யார் கூட்டிப் போகலாம் என்று பெயர்ப் பட்டியலும், 21ஆம் பிரிவில் தற்காலிகப் பொறுப்பு உத்தரவு இருந்தால் அதன் நகலும் கொடுங்கள். உத்தரவு இல்லாமல் வாயால் சொன்னால், அப்பா வந்து நிற்கும்போது தலைமை ஆசிரியரால் எதையும் மறுக்க முடியாது.

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. 181க்குப் போன் செய்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாம் ஒரே இடம்; ஐந்து நாள் வரை தங்கலாம். ஆனால் அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது ரகசியமில்லை, பெயர்ப்பலகையே உண்டு. அங்கே நிலைத்துத் தங்க நினைக்காமல், அந்த ஐந்து நாளில் வேறு மாவட்டத்துக் காப்பகத்துக்கு மாற்றக் கேளுங்கள். மகனோடு போகிறவர்கள் காப்பகத்தின் வயது வரம்பை முதலிலேயே கேளுங்கள். வாசலில் போய்ப் பிள்ளையைப் பிரிக்கச் சொன்னால் பலர் திரும்பி வீட்டுக்கே போய்விடுகிறார்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவி உண்டு.

மட்டுறுத்துநர்

இரண்டு பின்னூட்டங்களில் காப்பகங்களின் பெயரும் தெருவும் இருந்தன, நீக்கிவிட்டோம். யார் வேண்டுமானாலும் படிக்கும் இழை இது. ஊர் பெயர், காப்பகம் பெயர் போடாதீர்கள்.

கரிசல்_நிலா

கடைசியாக ஒன்று: ஜீவனாம்சம் வாங்க வங்கிக் கணக்கு எண் கொடுத்தாக வேண்டுமே? ஐஎஃப்எஸ்சியிலேயே கிளை தெரிந்துவிடாதா?

கவுண்டர்4

தெரியும். புது ஊரில் திறந்த கணக்கைக் கொடுக்காதீர்கள். பழைய ஊரிலோ மூன்றாவது ஊரிலோ உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கைக் கொடுங்கள். கூட்டுக் கணக்கு கூடாது, நாமினியில் அவர் பெயர் இருந்தால் மாற்றுங்கள். இந்தக் கணக்கு வரவுக்கு மட்டும். பணம் வந்ததும் உங்கள் இன்னொரு கணக்குக்கு மாற்றி அங்கிருந்து செலவு செய்யுங்கள். நாளை நீதிமன்றத்தில் இந்தக் கணக்கின் பட்டியலைக் கேட்டால் ஒரே ஒரு வகைப் பரிமாற்றம்தான் தெரியும். இன்னொரு கணக்கும் உண்டு என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் மறைக்காதீர்கள், பொய்ப் பிரமாணமாகிவிடும். முத்திரைத்தாள் சார் சொன்ன உறைக்குள் அது போகட்டும். இன்னொன்று: புது வங்கியில் கேஒய்சி முகவரியை மாற்றினால், மத்தியப் பதிவேடு வழியாகப் பழைய வங்கிக்கும் அந்த மாற்றம் போகும். வீட்டுக் கடனில் நீங்களும் கூட்டுக் கடனாளி என்றால், முகவரி மாற்றும் முன் அந்த வங்கியில் தொடர்பு எண் யாருடையது என்று பாருங்கள்.